பதினான்காம் இலக்கக் காரின் கடைசிச் சுற்று

சுவிஸில் லாங்கன்தாலுக்கு அருகே ஒரு சிற்றூரில் 1954இல் தொடங்கிய கார்ப் பந்தயம் சென்ற ஆண்டுதான் முடிந்தது. பந்தயத்துக்கென்று தனிப்பாதை கிடையாது. பால் பண்ணை, தேவாலயம், காட்டு வளைவு என்று ஊர்ச்சனம் நடமாடும் தெருக்களில்தான் ஓடினார்கள். அன்று கொட்டிய மழையில், எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று நினைத்து, கொடிகாட்டுபவர் கொடியைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். பதினான்காம் இலக்கக் கார் இன்னும் காட்டுக்குள் இருந்தது. மறு ஆண்டு நாடு முழுக்கப் பந்தயமே தடையானதால் அப்புறம் கொடி காட்ட ஆளில்லை. கொடி காணாமல் நிறுத்தக்கூடாது என்பது விதி. சுவிஸ்காரன் விதியை மீறுவானா? முதலில் ஐந்து நிமிடத்துக்கொரு சுற்று வந்தவன், களைக்கக் களைக்க நாளுக்கொன்று, மாதத்துக்கொன்று, கடைசியில் ஆண்டுக்கொன்று என்று ஆனான். ஓகஸ்ட் கடைசி ஞாயிறு, பிற்பகல் இரண்டு பத்து. அன்று கெமைன்டே என்கிற ஊராட்சி அலுவலகம் தெருவை மூடும். மாட்டுக்காரர்கள் மாடுகளை உள்ளே கட்டுவார்கள்.

எப்படியும் மூடுகிற தெருதானே என்று நம்மவர்களின் கோயில் அதே நாளில் தேருக்கு அனுமதி கேட்டு வாங்கியது. இரண்டு மணிக்குள் தேர் தன் இருப்பிடத்துக்கு வந்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. தேரை இழுக்க முந்நூறு பேர் வருவார்கள். சில்லுக்குக் கட்டை போட்டு நிறுத்த வரதராசா ஒருவர்தான். பிஸ்கட் தொழிற்சாலையில் முப்பத்திமூன்று வருடக் காலைச் சிப்டில் தேய்ந்த முழங்கால் அவருக்கு. இந்த வருடத்தோடு விடுகிறேன் என்று வருடா வருடம் சொல்வார். இந்த முறை மட்டும் என்பார் கோயில் தலைவர் இராஜசிங்கம். பாவம், மனுசன் என்ன செய்வார்.

சென்ற ஆண்டு வில் என்ற ஊரிலிருந்தும் லோசானிலிருந்தும் வந்தவர்கள் தெரு முடக்குக்கு முடக்கு அர்ச்சனைத் தட்டோடு நின்றார்கள். தட்டோடு நிற்பவரை விட்டுவிட்டுத் தேர் போகுமா? ஐயர் எல்லாருடைய நட்சத்திரத்தையும் கேட்டு முடிக்க, மணி இரண்டு பத்து. தேர் பால் பண்ணை முடக்கில் நின்றது, வடத்தில் பிள்ளைகள். புறப்பட்ட தேரைப் பின்னுக்கு இழுக்கும் வழக்கமில்லை. காட்டுப் பக்கம் இரைச்சல் கேட்டது. ஓடுவதற்கு வரதராசாவின் முழங்கால் இடம் கொடுக்கவில்லை. ஆகவே கட்டையோடு முன்னே நடந்து, தேர்ச் சில்லுக்கு வைப்பதுபோல் தெருவில் வைத்தார். கார் அதில் முட்டி நின்றது.

ஓட்டியவனுக்கு இருபத்தாறு வயதிருக்கும். கண்களுக்கு மட்டும் நூறு. இன்னும் எத்தனை சுற்று என்று ஜெர்மனில் கேட்டான். வரதராசாவின் வாயில் தமிழ்தான் வந்தது.

"முடிஞ்சுது தம்பி. இறங்கும்."

அவனுக்கு விளங்கியது. தண்ணீர்ப் பந்தலில் ஐந்து குவளை மோர் குடித்துவிட்டு, உங்களுக்கு எப்போது முடியும் என்று கேட்டான். வரதராசாவிடம் இதுவரை ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. அழுகை வந்துவிட்டது. பதிலைக் கேட்காமலே அவன் மர வாங்கில் சாய்ந்து தூங்கிப்போனான்.

கட்டையை எடுத்து வரும்படி இராஜசிங்கம் ஆளனுப்பி, பிறகு தானே வந்து நின்றார்.

"கட்டையை எடுத்தா அது திரும்ப ஓடத் தொடங்கிவிடும் அண்ணை," என்றார் வரதராசா. "நான் இதோட விடுறன்."

இராஜசிங்கம் காரைப் பார்த்தார், தூங்குகிறவனைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டி, மாற்றுக் கட்டையைத் தானே தூக்கினார்.

கார் இன்னும் பால் பண்ணை முடக்கில்தான் நிற்கிறது. கெமைன்டே அதைச் சுற்றி வெள்ளைக் கோடு போட்டிருக்கிறது. நம்மவர்கள் நெற்றியில் வைப்பதுபோல் அதற்கும் விபூதி பூசியிருக்கிறார்கள். இந்த ஆண்டுத் தேருக்கு இராஜசிங்கம்தான் கட்டை போட்டார். வரதராசா பந்தலில் கதிரை போட்டு இருந்தார். பக்கத்து வாங்கில் அவன் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தான். யாரும் எழுப்பவில்லை.