உள்ளே விட்ட துணி

ஒரு மாதமாக டிரைவரின் பனியன்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. பத்து இருந்த இடத்தில் இப்போது நாலுதான் மிச்சம். கொடியில் போட்டதைக் காற்று அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று கீழ்வீட்டு முற்றத்தைக்கூட எட்டிப் பார்த்தாயிற்று. வேறு சமயமாக இருந்தால் இந்த ஒரு விஷயத்துக்கே வீட்டை இரண்டாக்கியிருப்பார். இப்போது அவருக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. டீச்சரின் ஏழு கவுன்களையும் பிடித்துத் தைக்க வேண்டும், அதுவும் அவளுக்குத் தெரியாமல்.

டீச்சர் என்றால் அவருடைய மனைவிதான். முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்தியவள். அவர் அத்தனை வருஷமும் நகரப் பேருந்து ஓட்டியவர். வீட்டுக்குள் அவள் அவரை ‘டிரைவரே’ என்பாள், அவர் அவளை ‘டீச்சர்’ என்பார். பெற்ற மகளே போனில், “டீச்சர் எப்படி இருக்காங்கப்பா?” என்றுதான் கேட்பாள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரமே டீச்சர் ஒரு தையல் மிஷினை வாங்கி ஜன்னலோரம் போட்டாள். இனிமேல் கடையில் தைத்த உடுப்பு இந்த வீட்டுக்குள் நுழையக் கூடாது, நாம் போட்டுக்கொள்வதை நாமே தைப்போம் என்றாள். டிரைவருக்கும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காரப் பிடிக்கவில்லை. “பெடல்தானே? காலமெல்லாம் மிதிச்சதுதான்” என்று ஏறி உட்கார்ந்தார். முதல் சட்டைக்கு இரண்டு கையையும் வலது கையாகவே வெட்டி வைத்துத் தைத்தார். அதைப் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்கும் போய்வந்தார், கொஞ்சமும் வெட்கமில்லாமல். வெட்டுவது மட்டும் அவருக்குக் கடைசிவரை வரவில்லை. அவர் கத்தரி பிடித்தால் கோடு ஒரு பக்கம் போகும், துணி ஒரு பக்கம் போகும். “நேரா வெட்டுங்க, டிரைவரே. எதிர்ல லாரியா வருது?” என்பாள் டீச்சர்.

அப்படி ஆறு வருஷம். காலையில் தேநீர், அப்புறம் சாப்பாட்டு மேஜை நிறையத் துணி, சாக்குக்கட்டிக் கோடு, ரேடியோ. சாயங்காலம் புதிதாகத் தைத்ததைப் போட்டுக்கொண்டு பூங்கா வரை ஒரு நடை. டீச்சர் தனக்கென்று கிழமைக்கு ஒன்றாக ஏழு கவுன் தைத்துக்கொண்டாள். ஏழிலும் முன்பக்கம் இரண்டு பெரிய பைகள், அதில் நூல்கண்டு, மூக்குக்கண்ணாடி, அவருக்குத் தெரியாமல் மிட்டாய். மனுஷனுக்கு வேறென்ன வேண்டும்? இதையெல்லாம் கொடுத்துவிட்டுப் பிடுங்கிக்கொள்கிறவன் யாரோ, அவன் நேரில் கிடைத்தால் நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்றிருந்தார் டிரைவர்.

டீச்சரின் வயிற்றில் கட்டி. வியாழக்கிழமைதோறும் ஆஸ்பத்திரி, கையில் ஊசி, நாலு மணி நேரம் சொட்டுச் சொட்டாக மருந்து. இரண்டாவது வியாழக்கிழமை வீட்டுக்கு வந்ததும் அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

“எங்கம்மா கடைசியில எப்படி இருந்தாங்க தெரியுமா? ஆணியில மாட்டின துணி மாதிரி. அப்பவும் விடாம ஊசியா குத்துனாங்க. நான் அப்படி இருக்க மாட்டேன். என் கவுன் எனக்குத் தொளதொளன்னு ஆகிற அன்னிக்கு ஆஸ்பத்திரி போறதை நிறுத்திடணும். சரின்னு சொல்லுங்க.”

“சரி” என்றார். வேறென்ன சொல்வார்?

மூன்றாவது வாரமே திங்கட்கிழமைக் கவுன் தோளிலிருந்து நழுவியது. அன்று மத்தியானம் மாத்திரை மயக்கத்தில் அவள் தூங்கியதும், டிரைவர் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கவுன்களைப் பிடிக்க ஆரம்பித்தார். மிஷினை ஓட்டினால் சத்தத்தில் விழித்துக்கொள்வாள் என்று கைத்தையல். ஸ்டியரிங் பிடித்துக் காய்ப்பேறிய விரல்கள், ஊசி பாதி நேரம் துணியில் ஏறியது, பாதி நேரம் விரலில் ஏறியது. நர்ஸம்மாவிடமும் தனியாகப் போய்க் கையைப் பிடிக்காத குறையாகக் கேட்டுக்கொண்டார், எடையை வாய்விட்டுச் சொல்ல வேண்டாம், எழுதிக்கொள்ளுங்கள் போதும் என்று. வீட்டிலிருந்த எடை மிஷின் கட்டிலுக்கடியில் போய்விட்டது.

கொடுமை என்னவென்றால், ஏழாவது கவுனை முடிப்பதற்குள் முதல் கவுன் மறுபடி தளர்ந்திருந்தது. ஓட்டப் பந்தயம் மாதிரிதான், அவருடைய ஊசி ஓர் அடி வைத்தால் அவளுடைய உடம்பு இரண்டு அடி வைத்தது. மூன்று சுற்று ஆயிற்று. பக்கம் பிடிக்கப் பிடிக்க, முன்பக்கப் பைகள் விலாவுக்கு நகர்ந்தன. நீலக் கவுனில் ஒரு பையைப் பிரித்துப் பழைய இடத்துக்குத் தள்ளி வைத்தார். பைக்கு அடியிலிருந்த வெளுக்காத துணி கருநீலப் பட்டையாகத் தெரிந்தது.

“இதென்ன கறை?” என்றாள் டீச்சர்.

“சோப்பு சரியில்ல.”

“அப்படியா?” என்றாள். அவ்வளவுதான். தப்பித்தோம் என்று டிரைவர் பெருமூச்சு விட்டார்.

ஆனால் பிடித்த துணியில் ஒரு நூல்கூட அவர் வெட்டவில்லை. அத்தனையையும் மடித்து உள்ளேயே விட்டிருந்தார். அவள் தேறிவிட்டால் பிரித்துவிட வேண்டியதுதானே? உள்பக்கம் இரண்டு விலாவிலும் மூன்று விரல் தடிமனுக்கு அந்தத் துணி திரண்டு கிடந்தது. அதைத் தடவிப் பார்க்கும்போதுதான் அவருக்குக் கொஞ்சம் தைரியம் வரும்.

செவ்வாய்க்கிழமை காலையில் குளியலறையில் டீச்சருக்குத் தலை சுற்றியது. இத்தனை நாளும் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு தனியாகக் குளித்தவள், முதல்முறையாகத் தாழைத் திறந்து, “டிரைவரே” என்று கூப்பிட்டாள். ஓடிப்போய்த் தாங்கிக் கட்டிலில் உட்காரவைத்தார். நனைந்த கவுனைத் தலைவழியாகக் கழற்றினார். உள்ளே அவருடைய பனியன். அதற்குள் இன்னொரு பனியன். அதற்குள்ளும் ஒன்று. திறந்திருந்த குளியலறைக் கதவுக்குப் பின்னால் மற்ற மூன்றும் காய்ந்துகொண்டிருந்தன.

அவருக்கு மளமளவென்று எல்லாம் புரிந்த மாதிரி இருந்தது. அவர் உடுப்பைச் சின்னதாக்க, அவள் உடம்பைப் பெரிதாக்கிக் காட்டியிருக்கிறாள். அப்படியானால் நிஜமான அளவு எது?

“என்னை ஏமாத்தவா இது? உடம்பு இருக்கிற மாதிரி காட்டறதுக்கா?”

“இல்ல” என்றாள். “குத்துது.”

பனியன்களைக் கழற்றினார். எலும்பை எண்ணிவிடலாம் போலிருந்தது. இரண்டு விலாவிலும் அக்குளிலிருந்து இடுப்புவரை சிவப்பாக ஒரு கோடு. சில இடத்தில் தோல் உரிந்திருந்தது. கவுனின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். அவர் ஆசை ஆசையாக விட்டுவைத்த துணி, கயிறு மாதிரி திரண்டு, அதே நீளத்துக்கு.

“படுத்தா எலும்புல அழுத்துது. அதான் உங்க பனியன்.”

“நான் தைக்கிறது உனக்கு எப்ப தெரியும்?”

“முதல் வாரமே. இவ்வளவு கோணலா இந்த உலகத்துல வேற யாரு தைப்பாங்க?”

“ஏன் சொல்லல?”

“தூங்குறேன்னு நினைச்சுக்கிட்டு விரலெல்லாம் குத்திக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க. சரி, இவர் தைக்கிற வரைக்கும் நாமளும் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வருவோம்னு இருந்தேன்.”

டிரைவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மறைக்கவும் தோன்றவில்லை.

“பிரிச்சிடறேன் டீச்சர். மடிப்பு வெளிப்பக்கம் வர்ற மாதிரி தைக்கிறேன். குத்தாது. இன்னிக்கே ஏழையும் முடிச்சிடறேன்.”

“முடிச்சிட்டு?”

“வியாழக்கிழமை போட்டுக்கிட்டுப் போகலாம்.”

“அப்புறம் மறுபடியும் பிடிப்பீங்க. எத்தனை தடவை? எனக்கு முடியலங்க.” அவள் இதுவரை முடியவில்லை என்று சொன்னதே இல்லை. “வெட்டிடுங்க. தையல் ஓரமா வெட்டிடுங்க. இனிமே பிடிக்க வேணாம், தொளதொளன்னே இருக்கட்டும்.”

“வெட்டினா வெட்டினதுதான். திரும்பப் பெருசாக்க முடியாது.”

“தெரியும்.”

“அப்ப வியாழக்கிழமை?”

“நீங்க மிஷின்ல உட்காருங்க. எவ்வளவு நாளாச்சு அந்தச் சத்தம் கேட்டு. நான் ஜன்னல்கிட்ட உட்கார்ந்து பாக்குறேன்.”

“நான் மாட்டேன்” என்றார் டிரைவர். “என்னால முடியாது. என்னைத் தனியா விட்டுட்டுப் போகணும்னு முடிவே பண்ணிட்டியா?”

டீச்சர் பக்கத்து மேஜையிலிருந்த கத்தரியைத் தானே எட்டி எடுத்தாள். கவுனை மடியில் போட்டுக்கொண்டு, உள்ளே திரண்டிருந்த துணியில் வைத்து அழுத்தினாள். அத்தனை மடிப்பு, கத்தரி மூடவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினாள். மூச்சுதான் வாங்கியது. முழுப் பள்ளிக்கூடத்துக்கும் சீருடை வெட்டிக்கொடுக்கலாம் என்று ஒரு காலத்தில் ஜம்பம் அடித்த கை அது.

டிரைவர் எழுந்தார். பீரோவிலிருந்து கடைசி நாலு பனியனில் ஒன்றை எடுத்துவந்து அவளுக்குப் போட்டுவிட்டார். போர்வையைச் சுற்றினார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையிலிருந்த கத்தரியை வாங்கிக்கொண்டார். அக்குள் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். முதல் வெட்டு விழுந்ததும் திரண்டிருந்த துணி பிரிந்து மடியில் சரிந்தது. கண்ணில் நீர் கட்டி, தையல் கோடே தெரியவில்லை. எது துணி, எது விரல் என்று தெரியாமல் கத்தரி போய்க்கொண்டிருந்தது.

டீச்சர் அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு பார்த்தாள்.

“கோணுது பாருங்க” என்றாள். “நேரா வெட்டுங்க, டிரைவரே.”