பத்துக்கு எவ்வளவு?

செத்தவர்கள் திரும்பி வந்தால் இரண்டு மார்க் குறைப்போம். எங்கள் நிகழ்ச்சியின் முதல் விதி அது. கதை எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி, ஓவியம் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருந்தாலும் சரி, போன இதழில் புதைத்தவனை இந்த இதழில் கூசாமல் எழுப்பி நிறுத்தினால் அபராதம் இரண்டு மார்க். விதியைப் போட்டவன் நான். காமிக்ஸ் நாயகன் ‘சாம்பல் கழுகு’ மூன்றாவது முறையாகச் செத்துப் பிழைத்து வந்தபோது போட்டேன். வாசகனை இளிச்சவாயன் என்று நினைக்கிறார்கள், வேறென்ன? சாவையே நம்ப முடியாத கதையில் சண்டையை மட்டும் எப்படி நம்புவது?

நிகழ்ச்சியின் பெயர் ‘பத்துக்கு எவ்வளவு?’ நானும் என் மனைவியும் வாராவாரம் புதிதாக வந்த சூப்பர் ஹீரோ காமிக்ஸ், விஞ்ஞானப் படங்கள் பற்றி அரை மணி நேரம் பேசி இணையத்தில் போடுகிறோம். கடைசியில் நான் அவளிடம் பத்துக்கு எவ்வளவு என்று கேட்பேன். அவள் மார்க் சொல்வாள். கேட்கிறவர்கள் இரண்டாயிரம் சொச்சம். பிழைப்புக்கு வேறு வேலை உண்டு. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கிறவன். அவள் பார்சல் அலுவலகத்தில் கவுண்டரில் இருக்கிறாள். நாங்கள் முதலில் சந்தித்ததே ஒரு காமிக்ஸ் கடையில், கடைசிப் பிரதி ஒன்றுக்காகச் சண்டை போட்டுத்தான். பிரதி அவளுக்குப் போனது. படித்துவிட்டு எனக்குக் கொடுத்தாள், முடிவைச் சொல்லிவிட்டு.

நிகழ்ச்சியில் நான் வறுத்தெடுக்கிறவன், அவள் நியாயம் பேசுகிறவள். ஒவ்வொரு நாயகனுக்கும் கறுப்பு உடை மாட்டி, மழையில் நிற்க வைத்து, பெரியவர்களுக்கான கதை என்று விற்கிறார்கள் என்பேன். ‘மழையில நிக்கிறவனுக்கும் கஷ்டம் இருக்கும்ல’ என்பாள் அவள். வில்லனுக்கு இளம்வயதுச் சோகம் ஒன்றைத் தைத்துவிட்டால் போதும், ஊரையே கொளுத்தியவனுக்காக நாம் உருக வேண்டுமாம். அதற்கு மட்டும் அவளும் என் கட்சி.

ஒலிப்பதிவு வீட்டின் சின்ன அறையில். சத்தம் குறைந்த அறை அது. எதிரொலிக்காமல் இருக்கச் சுவர்களில் கம்பளி தொங்கவிட்டிருக்கிறேன். போன வருடம் அந்தக் கம்பளிகளையெல்லாம் கழற்றி, மேஜையை ஹாலுக்குத் தள்ளி, சுவருக்கு வெளிர்மஞ்சள் அடித்தோம். அவளுக்கு அப்போது எட்டாவது மாதம். பெயின்ட் வாசம் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “துடிப்பு இல்லைங்க” என்றார். நான் “சரிங்க” என்றேன். பெண் குழந்தை. வீடு திரும்பிய நாலாம் நாள் மேஜையை உள்ளே தள்ளி, கம்பளிகளைப் பழையபடி மாட்டினேன். ஒரு வாரம்தான் நிகழ்ச்சி நின்றது. தொண்டை சரியில்லை என்று அறிவிப்புப் போட்டேன். வெந்நீர் குடிக்கச் சொல்லி நிறையப் பேர் எழுதியிருந்தார்கள்.

எனக்கு அழுகை வரவில்லை. பெருமையாகச் சொல்லவில்லை, வரவில்லை, அவ்வளவுதான். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு உதட்டைக் கிள்ளிப் பார்ப்போமே, அப்படி என்னை நானே அவ்வப்போது கிள்ளிப் பார்ப்பேன். ஒன்றும் தெரியாது. கடைக்குப் போனேன். எழுத்துப் பலகையைக் காட்டி, கடைசி வரி தெரியுதா என்று கேட்டேன். சாப்பிட்டேன். தூங்கினேன். நன்றாகவே தூங்கினேன். அவள் தூங்கவில்லை என்பது விடிந்ததும் அவள் முகத்தில் தெரியும். தெரிந்து என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை.

ஒன்பது மாதம் இப்படி. கேஸ் தீர்ந்துவிட்டது, சாவி எங்கே, குழாய் ஒழுகுகிறது என்பதைத் தாண்டி வீட்டில் பேச்சு கிடையாது. சனிக்கிழமை மத்தியானம் மைக்கைப் போட்டால் மட்டும் இருவரும் மடைதிறந்த மாதிரி பேசுவோம். கேட்கிறவர்கள், இப்படி ஒரு ஜோடி அமையணும் என்று பெருமூச்சு விடுவார்கள்.

அவளுடைய அக்கா பக்கத்து ஊரில் இருக்கிறார். திங்கட்கிழமை தவறாமல் சாயங்காலம் போன் செய்வார். போன வாரம் அந்தப் பேச்சு முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது அவள் சொன்னாள்:

“அக்கா ஊர்ல எங்க ஆபீஸ் கிளை ஒண்ணு இருக்கு. மாத்தல் கேட்டா குடுப்பாங்க. மாசக் கடைசிக்குள்ள எழுதிக் குடுக்கணும்.”

“கொஞ்ச நாளைக்கா?”

“மாத்தல்னா கொஞ்ச நாளைக்கு இல்லப்பா.”

நான் “சரி” என்றேன். அவள் தட்டைக் கழுவ எழுந்து போனாள். அவள் என்னை விட்டுப் போகப் போகிறாள் என்று புரிந்தது. போகக் கூடாது என்றும் இருந்தது. வாய்தான் திறக்கவில்லை. மாதக் கடைசிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை ‘இரண்டாம் வாசல்’ படத்தைப் பற்றிப் பேசினோம். விண்கலம் ஓட்டுகிற ஒரு தாய். படம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் அவள் பெண் குழந்தை காய்ச்சலில் இறந்துவிடுகிறது. பிறகு விண்வெளியில் ஒரு வாசல் தென்படுகிறது. அதைத் தாண்டினால் இன்னொரு உலகம். அங்கே குழந்தை உயிரோடு இருக்கிறது. தாய் அதன் எதிரில் நாலு நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பி வருகிறாள்.

இதை ஏன் பார்க்கப் போனோம் என்று கேட்கலாம். அந்த வாரம் வெளியான விஞ்ஞானப் படம் அது ஒன்றுதான். போஸ்டரில் விண்கலம் மட்டும் இருந்தது. தியேட்டரில் நானும் பார்த்தேன், அவளும் பார்த்தாள். பஸ்ஸில் திரும்பும்போது கம்ப்யூட்டர் காட்சிகள் பரவாயில்லை என்றேன். ஆமாம் என்றாள்.

மைக்கில் நான் விண்கலக் காட்சிகளைப் புகழ்ந்தேன். எடையில்லாத இடத்தில் தலைமுடி ஒழுங்காக மிதக்கும் படத்தைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! அப்புறம் வாசலுக்கு வந்தேன். கதாசிரியர் சுவரில் முட்டிக்கொண்டால் உடனே அங்கே ஒரு கதவை வரைந்துவிடுகிறார், அந்தக் கதவுக்கு மல்டிவர்ஸ், பல பிரபஞ்சம் என்று பெயர் வைத்துவிட்டால் யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்று பிளந்து கட்டினேன்.

“கதவ விடு,” என்றாள் அவள். “எனக்கு வேற ஒண்ணு ஒத்துக்கல. அந்த அம்மா இன்னொரு உலகத்துக்கே போய் நிக்கிறா. புள்ள எதிர்ல நிக்குது. மொதல்ல என்ன பண்ணுவா?”

“கட்டிப் பிடிப்பா.”

“இல்ல. பேரச் சொல்லிக் கூப்பிடுவா. படம் முழுக்க அந்தக் குழந்தைக்குப் பேரே இல்ல, கவனிச்சியா? குட்டி, தங்கம்னே ஓட்டிட்டாங்க.”

“அது ஒரு உத்தியா இருக்கலாம்.”

“உத்தியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. எழுதினவருக்குத் தோணல.” நிறுத்தினாள். “நான் வச்சிருந்தேன். ஒரு பேரு.” மறுபடியும் நிறுத்தினாள். “உன்கிட்டகூட சொல்லல.”

எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று சொன்னால் பொய். அவள் எந்தக் குழந்தையைச் சொல்கிறாள் என்று நன்றாகவே புரிந்தது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒலி அளவு காட்டும் பச்சைக் கோட்டைப் பார்த்தேன்.

“பத்துக்கு எவ்வளவு?” என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து, “எட்டு” என்றாள்.

“குழந்தை திரும்ப வருதே. அபராதம்?”

“போடு. ஆறு.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் நிகழ்ச்சியைச் சரிசெய்து ஏற்றினேன். சரிசெய்வது என்றால் பெரிய வித்தை இல்லை. ஒரு விநாடிக்கு மேல் யாரும் பேசாத இடங்களை மென்பொருள் தானே கத்தரித்து ஒட்டிவிடும். அப்படித்தான் எங்கள் பேச்சு பட்டாசு மாதிரி வெடிக்கிறது என்று பெயர் வாங்கியிருக்கிறோம். பொத்தானை அழுத்திவிட்டுத் துணி துவைக்கப் போனேன். ஒரு முறை கேட்டுப் பார்க்கக்கூட இல்லை.

திங்கட்கிழமை காலை அவள் வேலைக்குக் கிளம்பி, கையில் காபியோடு, போனில் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அந்த இடம் வந்தது. ‘எழுதினவருக்குத் தோணல நான் வச்சிருந்தேன் ஒரு பேரு உன்கிட்டகூட சொல்லல பத்துக்கு எவ்வளவு எட்டு.’ மூச்சு விடாமல், நகைச்சுவை நாடகத்தில் வருகிற மாதிரி, ஒரே ஓட்டம்.

“நான் இப்படியா பேசுனேன்?”

“சத்தமில்லாத எடத்த எடுத்துட்டேன். எப்பவும் எடுக்கிறதுதானே.”

அவள் நிகழ்ச்சியின் கீழே வந்திருந்த கருத்துகளைப் படித்தாள். விண்கல் என்ற பெயரில் வழக்கமாக எழுதுகிற ஒருவன் ஆரம்பித்து வைத்திருந்தான்: ‘அக்கா செம ஃபார்ம்! அந்தப் படத்துக் குழந்தைக்கு நீங்க வச்ச பேரு என்ன? சொல்லாம முடிச்சா எப்படி?’ அதன் கீழே, ஆமாம், சொல்லுங்கள், சொல்லுங்கள் என்று வரிசையாக. சிலர் தாங்களே பெயர்களை எழுதி, இதுவா, அதுவா என்று போட்டியாகவே ஆக்கியிருந்தார்கள். அவள் விரலால் தள்ளித் தள்ளி எல்லாவற்றையும் படித்தாள். அவள் உதடு அசைந்தது. எண்ணுகிறாள் என்று பிறகுதான் தெரிந்தது.

“முப்பத்தேழு பேரு கேட்டிருக்காங்க,” என்றாள். “முன்னப்பின்ன தெரியாதவங்க.”

காபியைக் குடிக்காமல் தொட்டியில் கொட்டிவிட்டுப் போனாள்.

கடையில் அன்று கூட்டம் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் பின்பக்க அறையில் உட்கார்ந்து, வெட்டாத மூலப்பதிவைப் போனில் எடுத்துக் காதில் மாட்டினேன். அந்த இடத்துக்குத் தள்ளினேன். ‘ஒரு பேரு’ என்றபின் ஏழு விநாடி. ‘உன்கிட்டகூட சொல்லல’ என்றபின் இருபத்திரண்டு விநாடி. மூன்று முறை அளந்தேன். அந்த இருபத்திரண்டு விநாடியில் நாற்காலி ஒரு தடவை கிறீச்சிட்டது. நான் தொண்டையைச் செருமினேன். அவள் சட்டென்று மூச்சை இழுத்தாள். கேள்வி வரப்போகிறது என்று பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு இழுக்கிற மூச்சு. அப்போது என் குரல் வந்தது, உற்சாகமாக, நிகழ்ச்சிக்கென்று வைத்திருக்கிற குரலில்.

அந்தக் குரலை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. ஒன்பது மாதத்தில் எனக்கு வந்த முதல் கோபம். கோபமாவது வந்ததே என்றிருந்தது. முதலாளியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

ஆறரைக்கு அவள் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, நான் வாசலிலேயே நின்றிருந்தேன்.

“பேரு என்ன?”

அவள் பையைக் கீழே வைத்தாள். “முப்பத்தெட்டாவது ஆளா?”

“ஆமா.”

“சிரிப்பு வரல.”

“எனக்கும் வரல. என்ன பேருமா?”

அவள் உள்ளே வந்து, கால் நீட்டித் தரையிலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். நானும் எதிரில் உட்கார்ந்தேன்.

“நீ என்ன நெனச்சிருந்த?” என்று கேட்டாள்.

இப்படித் திருப்பிக் கேட்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. “ஒண்ணும் நெனைக்கல. பொறந்தப்புறம் முகத்தப் பாத்து வைக்கலாம்னு இருந்தேன்.”

“முகத்தப் பாத்தியே.”

“பாத்தேன்.”

“அப்பவும் தோணலயா?”

“உன்ன மாதிரி இருந்துச்சு. அதுக்கு மேல பாக்கல. நர்ஸு இன்னும் கொஞ்ச நேரம் வச்சுக்கோங்கன்னுதான் சொன்னாங்க. நான்தான் திருப்பிக் குடுத்துட்டேன். பயந்துட்டேன்.”

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் இல்லை. அவள் என்னைத் திட்டவில்லை. தேற்றவும் இல்லை. வெகுநேரம் சும்மா இருந்தாள், நான் சும்மா இருந்தேன். பிறகு பெயரைச் சொன்னாள்.

அதை இங்கே எழுத மாட்டேன். மூன்றெழுத்துப் பெயர். நான் ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். “இன்னொரு தடவ சொல்லு,” என்றாள். சொன்னேன். மூன்றாவது தடவை சொல்லச் சொன்னபோது முதல் எழுத்துக்கு மேல் எனக்குக் குரல் எழும்பவில்லை.

அவள் போன் அடித்தது. அக்கா. அக்காவுக்கு எப்போதும் வெண்கலத் தொண்டை, போனைக் காதில் வைத்தாலும் அறை முழுக்கக் கேட்கும்.

“என்னடி, மாத்தலுக்கு எழுதிக் குடுத்துட்டியா இல்லியா?”

“இல்லக்கா.”

“ஏன்? இன்னும் என்ன யோசன? என்ன ஆச்சு?”

அவள் என்னைப் பார்த்தாள். “பாப்பா பேரு என்னன்னு கேட்டுட்டாருக்கா,” என்றாள்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, அக்கா பெருங்குரலெடுத்து அழுவது எனக்கும் கேட்டது.