மஞ்சள்நெற்றி மரங்கொத்தி

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையை விட்டுவிட்டுக் குருவி பார்க்கக் கிளம்பிய சகாயநாதனை மனைவி ஃபாத்திமா வாசலிலேயே மடக்கினாள்.

"ஆண்டவர் கேட்டா என்ன பதில் சொல்லுவீங்க?"

"அவரு படைச்சதத்தான பாக்கப் போறேன்" என்று ஸ்கூட்டரை உதைத்தார். ஓய்வு பெற்ற குமாஸ்தாவுக்கு வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை.

வாய்தான். மனசு நொந்து கிடந்தது. போன குளிர்காலத்தில் குருசுக்குப்பம் கரையில் ஓர் அபூர்வ உள்ளான் பறவையைப் பார்த்ததாக, ஊரில் பறவை பார்க்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார். படம் இருக்கிறதா என்று கேட்டான் குழுவை நடத்தும் விஜயராகவன். இல்லை. வயதானால் கண் அப்படித்தான் என்று ஒருவன் எழுத, ஆளாளுக்குச் சிரித்து வைத்தார்கள். அன்றிலிருந்து தனியாகத்தான் போகிறார். கேமரா ஒன்றும் வாங்கிவிட்டார். ஒரே ஒரு நல்ல படம் போட்டு அவர்கள் வாயை அடைத்துவிட்டால் போதும், நிம்மதியாகச் சாவேன் என்று மனைவியிடமே சொல்லியிருக்கிறார். அற்ப ஆசைதான். ஆனால் மனுஷனை அதுதான் தூங்கவிடாமல் அடித்தது.

லாஸ்பேட்டையில் ஆள் காலி செய்த அரசுக் குடியிருப்புக்குப் பின்னால், பாதி பட்டுப்போன தூங்குமூஞ்சி மரத்தில் டொக் டொக்கென்று சத்தம். ஊருக்குள் அங்கங்கே தென்படும் பொன்முதுகு மரங்கொத்தியாக இருக்கும் என்று அசட்டையாகத்தான் பைனாகுலரைத் தூக்கினார். முதுகில் பொன் இல்லை. பழுப்பில் வெள்ளைப் புள்ளிகள். நெற்றி மஞ்சள், பின்னந்தலையில் ஒரு பொட்டுச் சிவப்பு. ஆண். இந்த ஊரில் இதைப் பார்த்ததாக யாரும் சொல்லி அவர் கேட்டதில்லை.

கேமராவை எடுப்பதற்குள் அது மரத்துக்குப் பின்புறம் போய்விட்டது. சுற்றி வந்தால் அதுவும் சுற்றியது.

பாட்டுப் போட்டால் வரும். செல்போனில் அதன் குரலையே ஒலிக்கவிட்டால், வேறொரு ஆண் தன் எல்லைக்குள் புகுந்துவிட்டதென்று பாய்ந்து வரும். குஞ்சு பொரிக்கும் காலத்தில் அதைச் செய்யவே கூடாது. அப்படிச் செய்த ஒருத்தரை நடுரோட்டில் வைத்து வாங்கு வாங்கு என்று வாங்கியவர் இதே சகாயநாதன்தான்.

ஒரு தடவைதானே என்று போட்டார்.

வந்தது. எதிர்க்கிளையில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு, வெயில் முகத்தில் அடிக்க, கத்தியது. எடுத்துத் தள்ளினார். சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அப்போதுதான் பட்ட கிளையில் இருந்த பொந்தைப் பார்த்தார். அப்பன் குரல் கேட்டு, இரை வருகிறதென்று குஞ்சு ஒன்று தலையை முழுக்க வெளியே நீட்டியிருந்தது. மேலே காக்கை.

"ஏய்! ஏய்!" என்று கத்திச் செருப்பைக் கழற்றி வீசினார். காக்கை குஞ்சின் தலையைக் கவ்வி இழுத்துக்கொண்டு பறந்தது. மரங்கொத்தி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் சட்டைப்பையில் பாடிக்கொண்டிருந்த எதிரியோடு அது இன்னும் மல்லுக்கு நின்றது. பாவி, அதற்குப் பிறகுதான் அவருக்குச் செல்போனை நிறுத்தத் தோன்றியது.

கொஞ்ச நேரத்தில் பெட்டை அலகில் புழுவோடு வந்தது. பொந்துக்குள் தலையை விட்டது, எடுத்தது, மறுபடி விட்டது. புழு அலகிலேயே இருந்தது. உள்ளே வேறு குஞ்சு இல்லை.

படத்தை அழித்திருக்கலாம். அழிக்க மனசு வரவில்லை. மதில்மேல் உட்கார்ந்து, தன் மேலேயே அருவருப்போடு, குழுவில் போட்டார்.

கைதட்டல் பொம்மைகள் கொட்டின. விஜயராகவன் உடனே எழுதினான்: "மன்னிச்சிடுங்க சார். அன்னிக்கு உங்கள நம்பாதது எங்க தப்பு. இனிமே நீங்க சொன்னா சொன்னதுதான்." பின்னாலேயே இன்னொன்று: "பக்கத்துல கூடு ஏதாவது இருக்கா சார்? இருந்தா யாரும் கிட்ட போய் தொந்தரவு பண்ணாம பாத்துக்கலாம்."

பெட்டை இன்னும் பொந்து வாயிலேயே தொற்றிக்கொண்டிருந்தது.

"கூடு எதுவும் இல்ல" என்று எழுதி அனுப்பினார் சகாயநாதன். ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லோரும் அதை நம்பினார்கள்.