சென்னகிருஷ்ணன் வீட்டு அமெரிக்கக் காலண்டர்

பீளமேட்டுச் சென்னகிருஷ்ணன் தன் எழுபத்திரண்டாவது வயதில் படுக்கையில் விழுந்தார். மூன்று வாரம் கழித்து எழுபதாவது வயதில் எழுந்து உட்கார்ந்து, கொள்ளு ரசத்தில் உப்பு போதவில்லை என்றார். மீசை முழுக்கக் கறுத்துவிட்டது என்று சொல்ல முடியாது. இரண்டு வருஷத்துக்கு முன்பு இருந்த அளவுக்கு, அதாவது முக்கால்வாசி வெள்ளையாக இருந்தது. கால் வீக்கம் வடிந்து பழைய செருப்பு சேர்ந்தது. மருத்துவமனைக்காரர்கள் மூன்று முறை ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நான்காவது முறை கேட்கக் கூச்சப்பட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். தெருவில் இரண்டு நாள் இதைப் பற்றிப் பேசினார்கள். மூன்றாம் நாள் தக்காளி விலை ஏறிவிட்டது.

இதன் காரணம் அவருடைய மனைவி பங்காரம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். அவளுக்குமே உடனே தெரிந்துவிடவில்லை. அவர்களுடைய ஒரே மகன் கிஷன் நியூ ஜெர்சியில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான். அவன் அங்கேயே நிரந்தரமாகத் தங்க கிரீன் கார்டு கேட்டு, அவனுடைய கம்பெனி 2014 ஜூன் 9ஆம் தேதி மனுப் போட்டது. எந்தத் தேதி வரை மனுப் போட்டவர்களுக்கு இப்போது கார்டு கிடைக்கும் என்பதை அந்த நாட்டில் மாதாமாதம் ஒரு புல்லட்டின் சொல்லும். கிஷன் மனுப் போட்டபோது இந்தியர்களின் வரிசை 2005இல் நின்றது. வருஷா வருஷம் கொடுக்கும் கார்டுகளில் ஒரு நாட்டுக்கு நூற்றுக்கு ஏழு என்பது அங்கே சட்டம். நூற்று நாற்பது கோடிப் பேர் உள்ள நாட்டுக்கும் ஏழு, அன்னூர்ச் சந்தையில் கூடுகிற அளவுக்கு ஜனம் உள்ள நாட்டுக்கும் ஏழு. இதில் பாரபட்சமே கிடையாது என்று அந்த நாட்டார் பெருமையாகச் சொன்னார்கள்.

சென்னகிருஷ்ணன் ஒரு காலத்தில் பம்ப் மோட்டார் ஃபவுண்டரி நடத்தியவர். ஃபவுண்டரியைக் குத்தகைக்கு விட்டபின் அவருக்கு மிஞ்சிய தொழில், அயலகப் பெற்றோர் சங்கத்தின் தலைவர் பதவி. பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பியவர்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடிக் காபி சாப்பிடும் சங்கம் அது. அதில் ஒரு முறை உண்டு. பிள்ளை அமெரிக்கக் குடிமகனாகிவிட்ட பெற்றோருக்கு முன்வரிசை சோபா. கிரீன் கார்டுக்காரர்களைப் பெற்றவர்களுக்குக் குஷன் சேர். வெறும் வேலை விசாவில் இருப்பவர்களைப் பெற்றவர்களுக்குப் பின்னால் பிளாஸ்டிக் சேர். தலைவர் பிளாஸ்டிக் சேரிலிருந்து எழுந்து வந்து தலைமையுரை ஆற்றிவிட்டுத் திரும்பப் பிளாஸ்டிக் சேருக்குப் போவார். அதன் மேல் நான்காக மடித்த டர்க்கி டவல் ஒன்றைப் போட்டிருந்தார். அதைக் குஷன் என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஆகவே அவர் தயாராகவே இருக்க விரும்பினார். டவுன்ஹால் பக்கம் காலண்டர் வியாபாரம் செய்யும் அப்துல் நாசரின் குடோனிலிருந்து, விற்காமல் கிடந்த 2005 முதல் 2014 வரைக்குமான தினசரிக் காலண்டர்களை வாங்கிவந்தார். கூடத்தில் ஊர்க் காலண்டருக்குப் பக்கத்தில் ஆணி அடித்து அவற்றை வரிசையாக மாட்டினார். அதற்கு அமெரிக்கக் காலண்டர் என்று பெயர். புல்லட்டின் வரும் நாளில் நாலு பேரைக் கூப்பிட்டு, மிக்சர் கொடுத்து, புல்லட்டின் சொல்கிற தேதி வரை இதழ்களைக் கிழிப்பார். கிழித்ததை எறிய மாட்டார். கிஷன் கொண்டுவந்த பட்டர் பிஸ்கட் டின்களில் அடுக்கி வைப்பார். “ஜூன் ஒன்பதைக் கிழிக்கற அன்னிக்கு உங்களுக்கெல்லாம் விருந்துங்க” என்று அவர் சொல்லிச் சொல்லி, வந்தவர்களில் இரண்டு பேர் அதற்குள் காலமாகியிருந்தார்கள்.

ஒன்பது வருஷம் இப்படிக் கிழித்து, காலண்டர் 2014 ஏப்ரல் 30ஐத் தொட்ட மாதத்தில்தான் அவர் விழுந்தார். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன, மிஞ்சிப்போனால் நாற்பது நாள் என்றார் டாக்டர். அதே வாரம் வந்த புல்லட்டினில் தேதி திடீரென்று இரண்டு வருஷம் பின்னால் போய் 2012 ஏப்ரல் 30 ஆகிவிட்டது. அமெரிக்காவில் அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. பீளமேட்டில், ரிவர்ஸ் எடுத்துவிட்டான் என்றார்கள். மூக்கில் குழாயோடு படுத்திருந்த சென்னகிருஷ்ணன் மனைவியைக் கூப்பிட்டு, “அம்மணி, ஊட்டுல காலண்டரைச் சரி பண்ணிப்போடு. பாக்க வாரவங்க தப்பா நெனச்சுக்குவாங்க” என்றார்.

சாகக் கிடக்கிறவர் வாயைத் திறந்து கேட்டது அது ஒன்றுதான். பங்காரம்மா மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டு, டின்களைத் திறந்து எழுநூற்று முப்பது இதழ்களையும் ஒவ்வொன்றாகத் திரும்ப ஒட்டினாள். மூன்று நாள் ஆனது. 2013 தீபாவளி ஏறியபோது மருத்துவமனையில் அவர் கண்ணைத் திறந்தார். அதற்கு முந்தைய பொங்கல் ஏறியபோது குழாயை எடுத்தார்கள். கடைசி இதழ் ஒட்டிக் காய்வதற்குள் உப்பு போதவில்லை என்று போன் வந்தது.

சென்னகிருஷ்ணன் இதைக் கொள்ளு ரசத்தின் மகிமை என்று சங்கத்தில் முக்கால் மணி நேரம் பேசினார். பங்காரம்மா கோபிசெட்டிபாளையத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். எதையும் இரண்டு தடவை பார்க்காமல் நம்ப மாட்டாள். அடுத்து வந்த மாதங்களில் தேதி நகர நகர அவர் கிழித்தார். முப்பது இதழ் போனால் மாடிப்படியில் மூச்சு வாங்கியது, அறுபது போனால் செருப்பு சேரவில்லை. ஒரு நாள் அவர் நடைப்பயிற்சிக்குப் போயிருந்தபோது, புல்லட்டின் வருமுன்பே அவளாக நாற்பது இதழ்களை எடுத்து ஒட்டினாள். அவர் மூச்சு வாங்காமல் வீட்டுக்குள் வந்தார். நாலாம் நாள் புல்லட்டின் வந்தது. தேதி சரியாக நாற்பது நாள் பின்னால் போயிருந்தது. காலண்டர் ஏற்கனவே சரியாக இருப்பதைப் பார்த்த சென்னகிருஷ்ணன், வேலை சுத்தம் என்று மனைவியைப் பாராட்டினார். வாஷிங்டனில் நிபுணர்கள் தேவை, ஒதுக்கீடு, நிதியாண்டு என்று மூன்று காரணம் சொன்னார்கள். மைதாவைப் பற்றி யாரும் பேசவில்லை.

அதற்குப் பின் இரண்டு வருஷம் இந்தியர்களின் வரிசையைப் பங்காரம்மாதான் நடத்தினாள். மாதம் பதினைந்து கிழிக்க விட்டால் பத்து ஒட்டினாள். சில மாதம் இருபது ஒட்டினாள். டெக்சாஸ் முதல் சியாட்டில் வரை லட்சக்கணக்கான என்ஜினீயர்கள் பெருமூச்சு விட்டார்கள். அவர்களை அவளுக்குத் தெரியாது, வீட்டுக்காரரைத் தெரியும். அவர்களில் ஒருவன் தன் மகன் என்பது மட்டும் பசை கிண்டும்போதெல்லாம் அவளை உறுத்தியது. இதற்கிடையில் அந்த ஏழு சதவீதக் கணக்கையே எடுத்துவிடும் சீர்திருத்த மசோதா வரப்போகிறது என்று டிவியில் சொன்னார்கள். சென்னகிருஷ்ணன் அதை வரவேற்றுச் சங்கத்தில் தீர்மானம் நிறைவேற்றி, நகலை அமெரிக்காவுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார். அந்த மசோதா நிறைவேறினால் இதழ்கள் எல்லாம் ஒரே காற்றில் தானாக உதிர்ந்துவிடும் என்று பங்காரம்மாவுக்குப் பயம். வெள்ளிதோறும் கோனியம்மன் கோயிலுக்குப் போய், அமெரிக்க எம்.பி.க்கள் ஒத்துப்போகக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள். அம்மனுக்கு இது பெரிய சிரமமாக இருந்ததாகத் தெரியவில்லை.

இதைக் கண்டுபிடித்தவள் அப்துல் நாசரின் மனைவி சித்திகா. தூக்குப்போசியில் தம்ரூட் இனிப்பு கொண்டுவந்தவள், கூடத்துக் காலண்டர் முன் நின்றுவிட்டாள். காலண்டர்க்காரர் வீட்டுப் பெண்ணுக்குத் தாளின் தடிமன் தெரியாமல் போகாது.

“ஏனுங்க்கா, இது பசை வெச்ச தாளுங்களே?”

“ஆமா சித்திகா” என்று பங்காரம்மா எல்லாவற்றையும் சொன்னாள். யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு வருஷமாகக் காத்திருந்தவள்.

சித்திகா தூக்குப்போசியைக் கீழே வைத்தாள். “எம் பையன் ரியாசு தேதி 2014 மே இருபதுங்க்கா. வரிசை 2012லயே முன்ன போறதும் திரும்பறதுமா இருக்குதேன்னு நான் தொழாத தொழுகை இல்ல. ஊடு பக்கத்துல நீங்கதான் உக்காந்து ஒட்டிட்டு இருந்தீங்களா?”

“அவரு உசுரு அதுலதான இருக்குது. நான் என்ன பண்ணட்டும், சொல்லு.”

“உங்களுக்கு அவரு உசுருங்க. எம் பேத்தி ஆஃப்ரினுக்கு ஆகஸ்டுல இருபத்தொண்ணு ஆகுது. அப்பறம் அவ அப்பன் மனுவுல அவ பேரு நிக்காதுங்க. ரெண்டு வயசுல போன புள்ளை. இட்லிக்கு கெட்சப் தொட்டுக்கும். அதை இங்க திருப்பி அனுப்புனா நான் என்ன பண்ணட்டும், நீங்க சொல்லுங்க.”

இரண்டு பேரும் தம்ரூட்டை வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை பேசினார்கள். அமெரிக்க நாடாளுமன்றம் முப்பது வருஷமாக எட்டாத உடன்பாட்டை ஆறு மணிக்குள் எட்டினார்கள். 2014 மே 21 வரை கிழிப்பது. ரியாஸ் கையில் கார்டு வரும் வரை பொறுப்பது. வந்ததும் திரும்ப ஒட்டுவது. அதுவரை சென்னகிருஷ்ணன் தாங்க வேண்டும். அவர் விழுந்த ஏப்ரல் 30 இதழிலிருந்து எண்ணினால், டாக்டர் சொன்ன நாற்பது நாளில் இருபது அப்போதும் மிச்சம் இருக்கும் என்று பங்காரம்மா விரல்விட்டுக் கணக்குப் பார்த்துக்கொண்டாள். நாற்பதாவது நாள் எந்த இதழில் விழுகிறது என்பதையும் பார்த்தாள். ஜூன் 9. அவள் மகனின் தேதி.

பங்காரம்மா அதன்படியே கிழித்தாள். அந்த மாதப் புல்லட்டினில் மே 21 என்று வந்தது. ரியாசுக்குக் கார்டு வந்தது, ஆஃப்ரினுக்கும் வந்தது. நாசர் சங்கத்தில் குஷன் சேருக்கு மாற்றப்பட்டார். சென்னகிருஷ்ணன் படுக்கைக்கு மாற்றப்பட்டார். பங்காரம்மா பசையைக் கிண்டத் தொடங்கிய அன்று காலை, சொல்லாமல் கொள்ளாமல் கிஷன் வாசலில் வந்து நின்றான். ஒன்பது வருஷமாக அவன் ஊருக்கு வரவில்லை. ஊருக்கு வந்தால் விசாவில் மறுபடி முத்திரை வாங்க வேண்டும், அது மறுக்கப்பட்டால் வேலையும் வரிசையும் போய்விடும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அப்பாவுக்கு முடியவில்லை என்று கேட்டதும் வக்கீலைக் கேட்காமல் விமானம் ஏறியிருந்தான்.

அம்மா சொன்னதைக் கேட்டு முதலில் சிரித்தான். பங்காரம்மா ஓர் இதழை எடுத்து ஒட்டினாள். உள்ளறையில் இருமல் நின்றது. அதை உரித்து எடுத்தாள். இருமல் மறுபடி தொடங்கியது. சாப்ட்வேரில் பதினேழு வருஷம் பிழை தேடியவனுக்கு இதற்கு மேல் சோதனை தேவைப்படவில்லை. காலண்டரைப் புரட்டி ஜூன் 9ஐப் பார்த்தான். திங்கட்கிழமை. அவனுடைய ராசிக்கு வரவு என்று போட்டிருந்தது. அப்பாவின் ராசிக்குப் பிரயாணம் என்று போட்டிருந்தது.

“உன்ர தலையெழுத்தை நான் ஒட்டி ஒட்டிக் கெடுத்துப்போட்டேன் கண்ணு” என்றாள் பங்காரம்மா. “இன்னும் இருபது தாளுதான். கிழிக்கறதா ஒட்டறதான்னு நீயே சொல்லு. எனக்குக் கை வரலை.”

உள்ளேயிருந்து சென்னகிருஷ்ணன் கூப்பிட்டார். தலையணைக்குக் கீழே செய்தித்தாளில் சுற்றிய பித்தளைப் பலகை ஒன்று இருந்தது. ‘கிஷன், யு.எஸ்.ஏ. நிரந்தரவாசி. பிதா: சென்னகிருஷ்ணன்’ என்று மூன்று வருஷத்துக்கு முன்பே பொறித்து வைத்திருந்தார். பிதாவின் எழுத்து சற்றுப் பெரிது.

“கிழிச்சுப்போடு கண்ணு” என்றார். “எனக்கு எல்லாம் தெரியும். ரெண்டு வருசமா உங்கம்மா கையில மைதாப் பசை நாறுது, தெரியாம இருக்குமா? கொள்ளு ரசமும் கொஞ்சம் காரணந்தான், இல்லைங்கல. ஆனா நாசரு குஷன் சேருக்குப் போயிட்டானப்பா. தலைவர் நானு.”

“நைனா, இருபது தாளையும் கிழிச்சா நீங்க போயிருவீங்க.”

“போனா போறேன். நீ கிழி.”

“அப்பறம் அந்தக் குஷன் சேர்ல யாருங்க உக்காருவாங்க?”

சென்னகிருஷ்ணன் பலகையில் இருந்த தன் பெயரை விரலால் துடைத்தார். சங்கத்தின் விதிகள் அனைத்தையும் எழுதியவர் அவர். இந்தக் கோணத்தில் மட்டும் யோசித்திருக்கவில்லை.  பிறகு பலகையைத் திரும்பச் செய்தித்தாளில் சுற்றி, “டவலைத் தொவைக்கச் சொல்லு” என்றார்.

கிஷன் கூடத்துக்கு வந்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, “பசையை இங்க கொண்டாங்கம்மா” என்றான். எழுநூற்றைம்பத்தொரு இதழ்கள். அம்மா தடவத் தடவ மகன் ஒட்டினான். அமெரிக்கப் பழக்கத்தில் வேகமாக ஒட்டியதால் இரண்டே நாளில் முடிந்தது. மூன்றாம் நாள் சென்னகிருஷ்ணன் நாட்டுக்கோழி கேட்டார். அந்த மாதம் தேதி இரண்டு வருஷத்துக்கு மேல் பின்னால் போனதைக் கண்டித்துச் சங்கத்தில் அவர் ஆற்றிய உரை மிகக் காரசாரமாக இருந்ததாகவும், குஷன் சேரில் இருந்த நாசரே எழுந்து நின்று கைதட்டியதாகவும் சொல்கிறார்கள்.

கிஷனின் விசாவில் முத்திரை விழ நாலு மாதம் ஆனது. அந்த நாலு மாதமும் அப்பாவோடு காலையில் நடந்தான். இப்போது நியூ ஜெர்சியிலிருந்து மாதம் ஒரு முறை, புல்லட்டினுக்கு நாலு நாள் முன்பாக அழைக்கிறான். சென்னகிருஷ்ணனுக்கு இந்த ஐப்பசியில் எழுபது முடிகிறது. போன ஐப்பசியிலும் முடிந்தது. தெருமுனை மளிகைக் கடையில் அந்த வீட்டுக்கென்று இரண்டு கிலோ மைதா எப்போதும் எடுத்து வைத்திருக்கிறார்கள்.

“இந்த மாசம் எத்தனை தாளுங்கம்மா?” என்று போன வாரம் கேட்டான்.

“உங்க நைனா ஏழு கிழிச்சாரு கண்ணு. நான் ஏழு ஒட்டிப்போட்டேன்.”

அந்த மாதப் புல்லட்டினில் மாற்றம் ஏதும் இல்லை.