தேர் நின்ற வாசல்

கோயமுத்தூர் பழைய ஊருக்குள் இருக்கும் தேர்ச்சதுக்கத்தில், வீடு என்று சொல்லத் தகுந்தது தன்னுடையது ஒன்றுதான் என்பது ராமாமணியின் தீர்ப்பு. நூல் கமிஷன்காரர் தன் வீட்டுக்கு ரோஸ் பெயிண்ட் அடித்திருந்தார். பார்த்தால் பல்பொடி ஞாபகம் வரும். எதிரே பேக்கரிக்காரர் மாடி முழுக்கத் தகரம் அடித்துக் கோழிப்பண்ணை ஆக்கிவிட்டார். பக்கத்து வீட்டைப் பற்றிப் பேசவே அவளுக்குப் பிடிக்காது. அதை வாங்கியிருந்தவன் மொபைல் கடை அன்புமணி. அவன் அப்பா கிணத்துக்கடவில் இவர்கள் தோப்பில் தேங்காய் பறித்தவர். மகன் வீடு வாங்கியதோடு விட்டானா? மாடியை மறைத்து ஒரு நீல போர்டு வைத்து, அதைக் கண்ணடிக்கவும் விட்டான்.

ராமாமணியின் மாடி மட்டும் பச்சை. தேக்கில் கடைந்த கைப்பிடி, வளைவு வைத்த ஜன்னல், சுண்ணாம்புக் காரைச் சுவர் எல்லாம் மில் ஓடிய காலத்தில் மாமனார் கட்டியது. மில் போய்விட்டது. மிஞ்சிய கௌரவம் ஒன்றே ஒன்று. மாசித் தேர் முதலில் அவள் வாசலில்தான் நிற்கும். முன்சக்கரம் எந்த வாசலுக்கு நேராக நிற்கிறதோ, அந்த வாசல்காரருடைய தட்டுதான் சாமிக்கு முதல் தட்டு என்பது அந்தக் கோயில் வழக்கம். காய்ச்சலில் கிடந்த வருஷம்கூட, தன்னை நாற்காலியோடு வாசலுக்குத் தூக்கிவரச் சொன்னாள். அந்தத் தட்டுக்காகத்தான் அவள் இன்னும் அந்த வீட்டை விற்காமல் இருந்தாள்.

பெங்களூரில் ஆர்க்கிடெக்டாக இருக்கும் தங்கை மகன் அபிலாஷ், ஒருநாள் கலர் கலராகப் படங்களோடு வந்தான்.

"பெத்தம்மா, ஒரு காலத்துல நாலு பக்கமும் ஒரே மாதிரிதான் இருந்திருக்கும். திரும்ப அப்படியே கொண்டு வந்துரலாம்."

ஒரு காலத்தில் எதிர்ப்பக்கம் மாட்டுக்கொட்டகைதான் இருந்தது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் பல்பொடி, தகரம், நீல போர்டு மூன்றும் ஒரே வீச்சில் ஒழியும் என்றால், மாட்டுக்கொட்டகையை யார் நினைக்கப் போகிறார்கள்? அபிலாஷைவிட அவள்தான் வீடு வீடாக ஏறி இறங்கினாள். அன்புமணி ஒருவன்தான் தயங்கினான்.

"ஏனுங்கம்மா, போர்டு இல்லீன்னா கடை இருக்கறது யாருக்குங்க தெரியும்?"

"அழகுன்னு ஒண்ணு இருக்குதல்ல அன்பு. உனக்கு அதெல்லாம் போகப்போகத்தான் புரியும். கழட்டிப்போடு."

கழற்றினான்.

வேலை முடிந்தபோது எல்லா மாடிக்கும் சந்தன நிறம், எல்லா ஜன்னலுக்கும் வளைவு, எல்லா மாடியிலும் மரம் போலப் பெயிண்ட் அடித்த சிமெண்ட் கைப்பிடி. தேக்கு எது, சிமெண்ட் எது என்று விஷயம் தெரிந்தவர்களுக்குத் தெரியும் என்று ராமாமணியும் பச்சையை விட்டுக்கொடுத்தாள். விஷயம் தெரிந்தவர் ஒருவரும் வரவில்லை. கல்யாண ஜோடிகள் வந்து போட்டோ எடுத்தார்கள். அசல் இத்தாலி என்றார்கள், இத்தாலியைக் கண்ணால் பார்க்காதவர்கள்.

மாசித் தேர் வந்தது. சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டுத் தேரை நிறுத்துபவர் சின்னான். வடம் பிடிக்கும் கூட்டத்துக்குள் குனிந்தபடியே வருகிறவருக்குக் கீழே வாசலும் தெரியாது, வாசலில் நிற்கிற மனுஷரும் தெரியாது. தலைகளுக்கு மேலே பச்சை மாடி தெரிந்ததும் கட்டையைச் செருகுவார், அவ்வளவுதான். அன்றைக்கும் பச்சை எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டே வந்தார். எங்கே பார்த்தாலும் சந்தனம். வெள்ளித் தட்டோடு நின்ற ராமாமணியைத் தேர் சாவகாசமாகக் கடந்தது. யாரோ கத்திய பிறகுதான் சின்னான் கட்டையைப் போட்டார். முன்சக்கரம் அன்புமணியின் கடைக்கு நேராக நின்றது.

ஓடிய தேரைப் பின்னால் தள்ளும் வழக்கம் இல்லை. சாமிக்குத் தெரியாதா என்று ராமாமணி ஒரு கணம் நினைத்தாள். சாமி பக்கத்துக் கடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. தான் தேடிப்போய்க் கெடுத்துக்கொண்டது என்று அப்போதுதான் உறைத்தது.

அன்புமணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளிடம் வந்தான்.

"ஏனுங்கம்மா, எங்கட்டத் தட்டு ஒண்ணும் தயாரா இல்லீங்க. சாமி நிக்குதுங்க. உங்க தட்டக் குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போகும்."

அவன் முகத்தில் ஒரு துளி நக்கலாவது இருக்கிறதா என்று அவள் தேடினாள். இருந்திருந்தால் மறுத்திருக்கலாம். சதுக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. கொடுத்தாள்.

அர்ச்சகர் கோயிலுக்குப் புதியவர். தட்டை வாங்கிக்கொண்டு, "வாசல்காரர் பேரு சொல்லுங்க" என்றார்.

"அன்புமணிங்க" என்றவன், திரும்பி ராமாமணியைப் பார்த்தான். மனசு கேட்கவில்லை போலிருக்கிறது.

"ராமாமணியம்மா பேரையும் சேத்துச் சொல்லிப்போடுங்க சாமி. பக்கத்து ஊடுங்க."