யாரோ அவிழ்த்த கட்டு

சேலையை அவிழ்த்துவிட்டு வேட்டி சட்டை போட்டுவிடச் சொல்லி, அய்யாத்துரை ஜவுளிக்கடைப் பையைத் தங்கையின் கையில் திணித்தான்.

"நான் போனா அந்தப் பொம்பளைங்க கூப்பாடு போடுவாளுவ. நீ போ. ரெண்டு நிமிச வேல. போட்டோக்காரரு வேற காத்துக்கிட்டு நிக்காரு."

நாச்சியார் பையை வாங்கிக்கொண்டாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து விடிய விடிய பஸ்ஸில் வந்து, ஸ்ரீபெரும்புதூரில் இறங்கி, ஆட்டோ பிடித்து இந்தப் பென்னலூர் லைன் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்து ஒரு மணி நேரம் ஆகிறது. இன்னும் ஒரு வாய் தண்ணீர் இறங்கவில்லை.

ஏழு வருஷமாக ஊரில் யார் கேட்டாலும் அண்ணனிடம் ஒரே பதில்தான். தம்பி மெட்ராஸ் பக்கம் கார் கம்பெனியில் இருக்கான், லீவு கிடைக்கல. இப்போது மஞ்சள் காமாலையில் செத்துப்போன தம்பியை வேட்டி சட்டையோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விட்டால் அந்தப் பதில் நிலைத்துவிடும். அண்ணன் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம் இது.

உள்ளே ஐஸ் பெட்டியைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடிக்குக் கீழே, அண்ணன் 'தம்பி' என்கிற பாஞ்சாலி படுத்திருந்தாள். அரக்குச் சேலை, நெற்றி நிறையப் பொட்டு. பின்னலை முன்னால் எடுத்துப் போட்டிருந்தார்கள். அது இடுப்புவரை வந்தது.

அந்தப் பின்னலைப் பார்த்ததும் நாச்சியாருக்குத் தன் பள்ளிக்கூட நாள் சடை ஞாபகம் வந்தது. ரெட்டைச் சடை போட்டு ரிப்பனை மடித்துக் கட்டுவதில் பாஞ்சாலிக்கு இருந்த கை அம்மாவுக்குக்கூடக் கிடையாது. எண்ணெய் தேய்த்து, வகிடெடுத்து, "ஆடாதட்டி, கோணிக்கும்" என்று தலையில் ஒரு குட்டு வைத்துப் பின்னி முடிப்பாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் யார் பின்னியது என்று கேட்டபோது, "எங்க அக்கா" என்று நாச்சியார் சொல்லிவிட்டாள். அது அண்ணன் காதுக்கு வந்த அன்றைக்கு இரண்டு பேருக்கும் அடி. அதற்குப் பிறகு வீட்டில் அவள் வாய் 'அக்கா' என்ற சொல்லை உச்சரித்ததே இல்லை.

"நாச்சியாரக்காதானே? நான் முத்துச்செல்வி. போன் பண்ணது நாந்தான்." மெலிந்த உடம்புக்காரி ஒருத்தி எழுந்து வந்தாள். பேச்சில் கோவில்பட்டி வாடை இன்னும் இருந்தது. பக்கத்து வீட்டில் இருப்பதாகவும், கம்பெனியில் வயர் கட்டுகிற லைனில் வேலை என்றும் சொன்னாள். தனக்குப் பக்கத்தில் இருந்தவளைக் காட்டி, "இது செல்வமேரி. நாங்க ரெண்டு பேரும் சேந்து இருக்கோம்" என்றாள். சொன்ன விதத்திலேயே நாச்சியாருக்கு விஷயம் புரிந்தது.

"அண்ணன் இத மாத்திவிடச் சொல்லுதான்" என்றாள் நாச்சியார், பையைக் காட்டி.

யாரும் பையைப் பிடுங்கவில்லை. கூச்சலும் போடவில்லை.

"உக்காருக்கா. இன்னா அவசரம்? பாஞ்சாலிக்கா எங்கயும் பூடாது" என்றாள் செல்வமேரி. "மாசம் மொத ஞாயித்துக்கெழம ஓவர்டைம் இல்லன்னா இந்த வூட்லதான் எல்லாரும் உக்காருவோம். அவங்கவங்களுக்கு நடந்தத அவங்கவங்க சொல்லணும். வராதவ கதைய இன்னொருத்தி சொல்லணும். பாஞ்சாலிக்கா வெச்ச பழக்கம் இது. நாமளே மறந்துட்டா அடிச்சவன் சொல்றதுதான் நெலைக்கும்னு அக்கா சொல்லும். இன்னிக்கி அதுக்கு எதிர்ல ஒரு தரம் சொல்லிடறோம். அப்பாலிக்கா நீ இன்னா பண்ணணுமோ பண்ணு."

நாச்சியார் உட்கார்ந்தாள்.

சுவரோரம் இருந்த சில்வியா என்கிற பெண்தான் முதலில் பேசினாள். அவள் கண்ணைத் தரையிலிருந்து எடுக்கவே இல்லை. "சுகப்பிரியாவும் நானும் ஹாஸ்டல்ல ஒரே பாயி, ஒரே தட்டு. ரெண்டு வருசம். அவ வூட்ல தெரிஞ்சுபோயி இட்டுகினு போயி கல்யாணம் பண்ணாங்க. பதினோராவது நாள் பேப்பர்ல போட்டிருந்துச்சு. வயித்துவலி தாங்காம இளம்பெண் சாவுன்னு."

"அவளுக்கு வயித்துவலி கெடையாது" என்றார்கள் எல்லோரும். ஜெபத்துக்குப் பதில் சொல்வதுபோல் ஒரே குரலாக வந்தது.

அடுத்து செல்வமேரி. "பாபுவ நான் ஆசைப்பட்டுத்தான் கட்டினேன். அத இல்லேன்னு சொல்லமாட்டேன். இந்த முத்துச்செல்வியையும் ஆசைப்பட்டுட்டேன். அத மறைக்காம அவன்கிட்டயே சொன்னேன். அதுக்கு அவன் குடுத்தது இது." எலும்பு வளைந்து கூடியிருந்த முழங்கையைத் தூக்கிக் காட்டினாள். "பாஞ்சாலிக்கா என்னைத் தோள்ல போட்டுகினு மெயின் ரோடு வரிக்கும் ஓடுச்சி. மாடிப்படியில வுழுந்துட்டேன்னு எழுதுங்கன்னான் அவன். புருசன் அடிச்சதுன்னு எழுதற வரிக்கும் அது டாக்டர் ரூம வுட்டு எழுந்துக்கல."

"எழுந்துக்கவே இல்ல" என்றார்கள் மற்றவர்கள். யாரோ லேசாகச் சிரித்தார்கள். நாலைந்து முகங்களில் அந்த நாள் வந்துபோனது.

"இனி அக்காவோட கத" என்றாள் முத்துச்செல்வி. "அது சொன்னா நடிச்சுக் காட்டிச் சொல்லும். எனக்கு அப்பிடி வராது." பெட்டியைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தாள். "மாட்டுத் தொழுவுல கட்டிப் போட்டாவ. மூணு நாளு. ஆட்டு முடி கத்திரிக்கிற கத்திரியால தலைய வெட்டுனாவ. வெட்டும்போது கன்னுக்குட்டி வந்து வெட்டுன முடிய மோந்து பாத்துச்சு. அந்த வீட்டுல அதுக்கு மட்டுந்தான் எம்மேல பாசம்னு..."

வெளிச்சம் குறைந்தது. வாசலை அடைத்துக்கொண்டு அய்யாத்துரை நின்றிருந்தான். தாமதம் ஏன் என்று பார்க்க வந்தவன், எந்தக் கதை என்று தெரிந்து அப்படியே நின்றுவிட்டான்.

முத்துச்செல்வி அவனைப் பார்த்தாள். பிறகு நாச்சியாரைப் பார்த்தாள்.

"மூணாம் நாளு கெழக்கு வெளுக்கும்போது யாரோ வந்து கட்ட அவுத்துவிட்டாவ. யாரோ ஒரு நீலச் சேலையக் குடுத்தாவ. யாரோ காதுல கெடந்த கம்மலக் கழட்டிக் கையில வச்சாவ."

"யாரோன்னு இல்லியே..." என்று தொடங்கிய சில்வியா வாசலைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

நாச்சியாருக்குப் புரிந்தது. இந்தக் கதையில் 'யாரோ' இருந்ததே கிடையாது. மாதா மாதம் அவள் பெயரைச் சொல்லித்தான் சொல்லியிருக்கிறார்கள். முகம் தெரியாத இத்தனை பேரும் அவளைத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். இன்றைக்கு அவளுக்காகத்தான் கதையை மாற்றிச் சொல்கிறாள் இந்தப் பெண்.

சும்மா இருந்துவிட்டால் போதும். சாயங்கால பஸ்ஸில் அண்ணனோடு ஏறி ஊருக்குப் போய்விடலாம். புருஷன் விட்டுப் போன நாளிலிருந்து அவளுக்குக் கூரை என்றிருப்பது அண்ணன் வீடு ஒன்றுதான். அவள் பெட்டிக்குள் பார்த்தாள். பாஞ்சாலியின் காதில் சின்னதாகத் தோடு போட்டிருந்தார்கள்.

"யாரோ இல்ல. நாந்தான் அவுத்துவிட்டேன்" என்றாள்.

அய்யாத்துரை ஒரு அடி உள்ளே வந்தான். இருந்த பெண்கள் அத்தனை பேரும் எழுந்தார்கள். ஆனால் அவன் கை ஓங்கவில்லை.

"ஏட்டி, கம்மலு கெணத்துல விழுந்துட்டுன்னு சொன்னியே?"

"பொய்ண்ணே."

"அப்பம் அம்மா?"

கட்டை அவிழ்த்துவிட்டது அம்மாதான் என்று அவன் அன்றைக்கே முடிவு செய்துவிட்டான். அதற்குப் பிறகு நாலு வருஷம், அம்மா கண்ணை மூடுகிற வரைக்கும், அவள் கையால் ஒரு வாய் சோறு வாங்கித் தின்றதில்லை. ஒரு வார்த்தை பேசியதில்லை. அம்மாவும் 'நான் இல்லை' என்று ஒருநாளும் சொல்லவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து மகளைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு முறத்தைப் புடைப்பாள்.

நாச்சியார் பையை அவனிடம் நீட்டினாள். "இது வேண்டாம்ணே. அக்கா சேலையோடயே போவட்டும்."

அவன் வாங்கவில்லை. வெளியே போய்ப் போட்டோக்காரரிடம் என்னவோ சொன்னான். ஸ்கூட்டர் கிளம்புகிற சத்தம் கேட்டது.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். முன்னால் முத்துச்செல்வியும் செல்வமேரியும், பின்னால் சில்வியாவும் நாச்சியாரும் பாடையைத் தூக்கினார்கள். "பொம்பளைங்கல்லாம் சுடுகாட்டுக்கு வரலாமாம்மா?" என்று தெருமுனையில் ஒரு பெரியவர் கேட்டார். "யார் வரணும்னு பாஞ்சாலிக்காவக் கேட்டுத்தான் வரோம் பெரிசு" என்றாள் செல்வமேரி நடந்துகொண்டே. ஏரிக்கரைக்குப் போகிற வழி முழுக்க ஆள் மாற்றி ஆள் தோள் கொடுத்தார்கள். நாச்சியார் மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. குழியில் முதல் மண்ணை அவளைத்தான் போடச் சொன்னார்கள்.

அய்யாத்துரை தள்ளி, வேலிகாத்தான் மரத்தடியில் நின்றிருந்தான். எல்லோரும் கிளம்பிய பிறகு அவன் குழிப் பக்கம் நடப்பது அவள் கண்ணில் பட்டது. என்ன செய்கிறான் என்று அவள் நின்று பார்க்கவில்லை.

வீடு கழுவிவிட்டு எல்லோரும் குளித்து வந்தபோது அவன் வாசலில் நின்றான்.

"ஆறு மணிக்குப் பஸ்ஸு. வாறியா?"

"நீ போண்ணே. நான் ரெண்டு நாளு கழிச்சுச் சொல்லுதேன்."

அவன் தலையாட்டினான். போகும்போது, "சாப்புட்டியா?" என்று கேட்டான். பதிலுக்குக் காத்திராமல் தெருவில் இறங்கினான்.

செல்வமேரி எல்லோருக்கும் காப்பி கொண்டுவந்து வைத்தாள். பெட்டி இருந்த இடத்தில் ஏற்றிய அகல்விளக்கைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"பாஞ்சாலிக்காவ இங்க வந்ததுக்கு அப்பாலதான் எங்களுக்குத் தெரியும். சின்ன வயசுல அது எப்பிடி இருந்துச்சின்னு தெரியாது" என்றாள் செல்வமேரி. "பாஞ்சாலின்னு பேரு யாரு வச்சது? கேட்டா சிரிச்சிகினே பூடும்."

நாச்சியார் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"எங்க ஊருக்குத் தோல்பாவைக்கூத்து வந்துச்சு. அதுக்குப் பத்து வயசு இருக்கும், எனக்கு அஞ்சு..."

தெருமுனையில் நைட் ஷிப்டுக்கு ஆள் ஏற்றிப்போகிற கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. முத்துச்செல்வி எழுந்து வாசலுக்குப் போய்ப் போகச் சொல்லிக் கையை அசைத்தாள். திரும்பி வந்து, தன் பழைய இடத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள்.