மானிட்டர் எல்லாம் மஞ்சள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஆகவே, என் நட்சத்திரப் படத்தைப் பார்த்து ஒரு வாடிக்கையாளர், "இது சொட்டு நீல விளம்பரமா?" என்று கேட்டபோது, அவரைச் சட்டைக்கு அளவெடுக்காமலே திருப்பி அனுப்பிவிட்டேன்.

சாதாரணப் படமா அது? மொட்டை மாடியில் தொலைநோக்கியை நிறுத்தி, கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தை நூற்றிருபது முறை எடுத்து, எல்லாவற்றையும் கணினியில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, மூன்று வாரம் உட்கார்ந்து திருத்திய படம். அந்த நட்சத்திரங்களைச் சுற்றி மெல்லிய நீலப் புகைபோல ஒரு தூசிப் படலம் உண்டு. அதை வெளியே கொண்டுவருவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. பெரிதாக அச்சடித்து என் தையல் கடைச் சுவரில் மாட்டினேன். பார்த்தவர்களில் பாதிப் பேர் மை கொட்டிவிட்டதா என்று கேட்டார்கள். அச்சடித்தவரிடம் சண்டைக்குப் போனேன். நீங்கள் கொடுத்ததைத்தான் அடித்தேன் என்று அவர் கையை விரித்துவிட்டார். கடையில் எனக்குக் கூடமாட இருக்கும் என் மருமகள் மட்டும் முதல் நாளே, "நீலம் கொஞ்சம் தூக்கலா இருக்கு அத்தை" என்று சொல்லியிருந்தாள். அவளுக்குக் கிடைத்த பதிலை இங்கே எழுத முடியாது.

என் கண்ணில் கோளாறு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. முப்பத்தைந்து வருடமாக அந்தக் கண்ணை நம்பித்தான் கடை நடக்கிறது. துணியைப் பார்த்த மாத்திரத்தில் அதற்கேற்ற நூற்கண்டை எடுத்து வைப்பேன். கண் போனால் கடையும் போச்சு, அவ்வளவுதான் நான். ஆகவே பழியைத் தூக்கி என் பழைய மானிட்டர் தலையில் போட்டேன். மங்கிப்போன அந்தத் திரையை நம்பித் திருத்தியதால் வந்த வினை என்று முடிவுகட்டி, மருமகளையும் இழுத்துக்கொண்டு கணினிக் கடைக்குப் போனேன்.

கடையில் விற்பனையாளர் ஒல்லியான ஆள். பேச்சும் அளந்துதான் வந்தது. எதற்கு மானிட்டர் என்று கேட்டார். வானத்துப் படம் திருத்த என்றதும் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். அந்த மாதிரி வேலைக்குத் திரை பெரிதாக இருந்தால் மட்டும் போதாதாம். கறுப்புக்கும் கறுப்பை ஒட்டிய சாம்பலுக்கும் வித்தியாசம் காட்ட வேண்டும், இல்லையென்றால் மங்கலான புகையெல்லாம் இருட்டோடு இருட்டாகப் போய்விடும். நான்கு மூலையிலும் வெளிச்சம் ஒரே சீராக இருக்க வேண்டும், இல்லையென்றால் வானமே ஒரு பக்கம் வெளுத்த மாதிரி தெரியும். நிறம் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இவ்வளவு பொறுமையாக எனக்கு யாரும் எதையும் சொன்னதில்லை. நானும் யாரையும் அவ்வளவு நேரம் பேச விட்டதில்லை.

முதல் மானிட்டரில் வெறும் வெள்ளையைப் போட்டுக் காட்டினார். மஞ்சள் அடிக்கிறது என்றேன். இரண்டாவதும் மஞ்சள். ஐந்தாவது வரைக்கும் மஞ்சள். அவர் உள்ளே போய், நிறத்தை அளக்கும் சின்னக் கருவி ஒன்றைக் கொண்டுவந்து திரையில் ஒட்டவைத்து அளந்தார். சுத்த வெள்ளை என்று காட்டியது. உங்கள் கருவியைக் குப்பையில் போடுங்கள் என்றேன். மருமகள் தரையைப் பார்த்தாள்.

அவர் கோபப்படவில்லை. என் கண்ணைக் கூர்ந்து பார்த்தார்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. இடது கண்ணை மூடிட்டு வெள்ளையைப் பாருங்க. அப்புறம் வலது கண்ணை மூடிட்டுப் பாருங்க."

விளையாடுகிறாரா என்று நினைத்தேன். ஆனாலும் செய்தேன். இடது கண்ணுக்குத் திரை ஏறக்குறைய வெள்ளையாகத் தெரிந்தது. வலது கண்ணுக்கு அதே திரை, டீ கொட்டித் துவைத்த வேட்டிபோல இருந்தது. மறுபடி மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

"எங்கப்பாவும் டிவி மஞ்சளா இருக்குன்னு சொல்லி ரெண்டு டிவி மாத்தினாரு," என்றார் அவர். "கண்புரை. ஆபரேஷன் பண்ணினா சரியாயிடும். மானிட்டர் எங்கயும் போகாது, முதல்ல டாக்டரைப் பாருங்க."

கடைக்கு வெளியே வந்ததும் மருமகள் அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்குக் கண்புரை என்றால் இவள் ஏன் அழுகிறாள் என்று எரிச்சலாக வந்தது. அப்புறம்தான் சொன்னாள். ஒன்றரை வருடமாக நான் கறுப்புத் துணிக்குக் கருநீல நூலைப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தேனாம். ராத்திரி நான் தூங்கிய பிறகு, அவள் கடைச் சாவியை எடுத்துப் போய், அந்தத் துணிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, தையலைப் பிரித்து, சரியான நூலில் மறுபடி தைத்து வைத்திருக்கிறாள். என் மகனுக்குக்கூடத் தெரியாது.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா கடையையே மூடிடுவீங்களோன்னு பயமா இருந்துச்சு அத்தை."

ஓர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி, கண் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன்.

வலது கண்ணுக்கு அந்த மாதமே அறுவைச் சிகிச்சை நடந்தது, இடது கண்ணுக்கு அடுத்த மாதம். கட்டைப் பிரித்ததும் நான் பார்த்தது டாக்டரின் வெள்ளைக் கோட்டு. வெள்ளை என்றால் இவ்வளவு வெள்ளையா என்று அசந்துபோய், அதைத் தொட்டுப் பார்த்தேன். அவர் சிரித்தார்.

அந்த ஒல்லி விற்பனையாளரிடம் மறுபடி போனோம். நான் முதலில் மஞ்சள் என்று தள்ளிய அதே மானிட்டரைப் போடச் சொன்னேன். பளிச்சென்று இருந்தது. அதையே எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு எதையாவது என் தலையில் கட்டியிருந்தால் அவருக்கு வியாபாரம் ஆகியிருக்கும். எனக்கோ இன்னும் எத்தனை வருடம் போயிருக்குமோ. நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். கருவியைக் குப்பையில் போடச் சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டேன். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாததால் அது கொஞ்சம் அதட்டலாகவே வந்தது.

சாயங்காலம் மானிட்டரை மாட்டிப் பழைய படத்தைத் திறந்தேன். சொட்டு நீலக்காரர் சொன்னது முழுக்க உண்மை. கண்ணில் படிந்திருந்த மஞ்சள் நீலத்தை மறைக்க மறைக்க, நான் நீலத்தைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறேன். அவருக்கு ஒரு சட்டை இலவசமாகத் தைத்துக் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நூற்றிருபது படங்களையும் முதலிலிருந்து அடுக்கி, நீலத்தைக் கூட்டாமல் அப்படியே விட்டேன். நட்சத்திரங்களைச் சுற்றி ஒரு நீலம் வந்தது. இவ்வளவு இளசான நீலத்தை நான் நூற்கண்டில்கூடப் பார்த்ததில்லை. கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. டாக்டர் கண்ணைக் கசக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் அப்படியே விட்டுவிட்டு மருமகளைக் கூப்பிட்டேன்.

பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நல்லா இருக்கு அத்தை என்றாள். நான் படத்தைக் காட்டத்தான் அவள் பக்கம் திரும்பினேன். திரை வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்திருந்தது. கண்ணுக்குக் கீழே கன்னம் வரைக்கும் கருவளையம். முன்நெற்றி முடியில் நரை. முப்பது வயதுப் பெண். தினமும் மூன்று வேளை என் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவள். எனக்கு இதுவரை ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

"நாளைக்கு நீ கடைக்கு வர வேணாம்," என்றேன்.

அவள் பயந்துபோய், கோபமா என்று கேட்டாள்.

"கோபமில்லம்மா. ஒன்றரை வருஷம் எனக்காக முழிச்சிருந்திருக்கே. இனிமே நூலை நான் பாத்துக்கறேன். நீ போய்த் தூங்கு."